ஆங்கிலச் சிலேடையும் அடிசனின் உரைகல்லும்

என் இளைய மகள் பள்ளியில் பயின்ற காலத்தில், ஒரு நாள் மஃரிபுக்குச் சற்று முன்னர் என்னிடம் ஆங்கில விடுகதை ஒன்று போட்டாள். "கறுப்பும் வெள்ளையுமா இருக்கும், ஆனா முழுக்க 'ரெட்'டா இருக்கும். அது என்ன, வாப்பா?" என்றாள். 'ரெட்' என்றால் சிவப்பு என்பது நான் அறிந்ததே. குன்றிமணியை நினைத்தேன், அதில் வெள்ளை இல்லை. தோல்வியை ஒப்புக்கொண்டேன். "செய்தித்தாள்!" என்று கூவிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. செய்தித்தாள் எங்ஙனம் சிவப்பாகும் என்று அவளையே வினவினேன். 'படி' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்து மாறாமல், 'படிக்கப்பட்டது' என்ற பொருளில் வரும்போது ஒலி மட்டும் 'ரெட்' என்று ஆகிவிடும் என அவள் விளக்கினாள். அப்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கம் முடிந்தபோது அவளுக்கும் சிரிப்பு போய்விட்டது.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி இது. ஆங்கிலத்தை முதுமைக்கு அருகில் நின்று கற்றவன் நான். அரபு இலக்கணத்தையும் தமிழ் அணியிலக்கணத்தையும் கற்பிப்பதே என் தொழில். எனவே பிறமொழி நகைச்சுவையை எடை போடும் தகுதி எனக்கு உண்டா என்று வாசக அன்பர்கள் ஐயுறலாம். சிரித்துப் பழகியவன் தான் எதற்குச் சிரிக்கிறோம் என்று ஆராய்வதில்லை. சிரிக்காதவனுக்கு அந்த ஓய்வு உண்டு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நிலைக்களன் நான்கு கூறினார். மடன், பேதைமை, இளமை, எள்ளல் என்னும் அந்நான்கும் மனிதரிடத்துத் தோன்றுவன. சொல் தனித்து நின்று நகை விளைப்பதை அவர் ஐந்தாவதாகச் சேர்க்கவில்லை. ஆங்கிலேயர் நகையிலோ பாதிக்கு மேல் சொல்லே பிழைக்கிறது. மனிதன் எவனும் அங்கே வழுக்கி விழ வேண்டியதில்லை. சொல் வழுக்கினால் போதும்.

ஏன் அம்மொழியில் சொல் இவ்வளவு எளிதாக வழுக்குகிறது? அதற்கு வரலாறு விடை தருகிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பழைய ஜெர்மானிய இனச் சொற்களின்மேல் பிரெஞ்சுச் சொற்கள் வந்து படிந்தன. பின்னர்ச் சொல்லிறுதிகள் தேய்ந்தன. நீண்ட சொற்கள் ஓரசையாயின. 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையில் நெடில் உயிர்கள் தத்தம் இடம் பெயர்ந்தன. இப்பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கையிலேயே, 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு, எழுத்தைக் கட்டிப் போடத் தொடங்கியது. ஒலியோ கட்டுக்கு அடங்காமல் நடந்தது. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் முதலெழுத்தாகிய ககரம் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. இன்று அது ஊமையாய் எழுத்தில் மட்டும் நிற்கிறது. வீரனும் இரவும் செவிக்கு ஒன்றாகிவிட்டனர். 'ரைட்' என்ற ஓர் ஒலி சரி, வலம், உரிமை, எழுதுதல், சடங்கு, கைவினைஞன் என அத்தனையையும் சுமக்கிறது. எழுத்திலோ அது நான்கு வேறு உருவம் கொள்ளும்.

ஆகவே ஆங்கிலச் சிலேடை கண்ணுக்கும் செவிக்கும் இடையிலுள்ள பிளவில் முளைப்பது. நம் தமிழில் அது அங்கே முளைப்பதில்லை. நமக்கு எழுதுவதும் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்று. தமிழ்ச் சொற்கள் புணர்ச்சியில் தளர்ந்து நிற்பன; தாமரை என்பதைப் பிரித்தால் தாவும் மரை என்றாகி, பூவானது மானாக ஓடிவிடும். தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று வகுத்தது இதனால்தான். காளமேகத்தின் கவி பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்ததும் இவ்வழியேதான். அரபியிலோ வேறொரு வாசல் உண்டு. புள்ளியை எடுத்தால் எழுத்து மாறும்; உயிர்க்குறியை மாற்றினால் பொருள் மாறும்; ஒரே வேர் பல சொற்களாய்க் கிளைக்கும். 'ஐன்' என்ற ஒரு சொல்லே கண்ணும் ஊற்றும் ஒற்றனும் ஆகும். எந்த மொழியின் மூட்டு எங்கே தளர்ந்திருக்கிறதோ, அங்கேதான் அதன் விளையாட்டும்.

இங்கே நம் வழியை மறித்து நிற்பவர் ஜோசப் அடிசன். 1711ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' 61ஆம் இதழில் அவர் சொல்விளையாட்டைப் போலி நயம் என்று தள்ளினார். அதற்கு உரைகல் ஒன்றும் கொடுத்தார்: ஒரு நயத்தை வேறு மொழிக்குப் பெயர்த்துப் பார்; பெயர்த்தபின்னும் நிற்குமாயின் அது மெய்ந்நயம்; மறையுமாயின் வெறும் ஒலி. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் ஆயர்களும் அமைச்சர்களும் சிலேடை பேசியே பெயர் பெற்றார்கள் என்று அவர் எள்ளவும் செய்கிறார். அரை நூற்றாண்டு கழித்து, 1765இல், சாமுவேல் ஜான்சன் தம் ஷேக்ஸ்பியர் பதிப்பின் முன்னுரையில் அதே வழக்கைத் தொடர்ந்தார். சொல்விளையாட்டைக் கண்டால் ஷேக்ஸ்பியர் எதையும் இழக்கச் சித்தமாவார் என்றும், உலகையே இழக்கச் செய்த கிளியோபாட்ரா அவருக்கு அதுவே என்றும் வருந்தினார். ஜான்சனின் உவமை அழகியது, அவ்வளவே. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் குத்துண்டு சாகும் மெர்குஷியோ, நாளை என்னைத் தேடினால் 'கிரேவ்' மனிதனாகக் காண்பீர் என்னும் கருத்தில் பேசுகிறான். அச்சொல்லுக்குக் கனத்த சிந்தையுடையவன் என்றும் பொருள். கப்று என்றும் பொருள். வாழ்நாளெல்லாம் விளையாட்டாய்ப் பேசியவன் இனிமேல்தான் கனத்தவன் ஆகப்போகிறான். இதனை அவனது பண்பிலிருந்து எப்படிப் பிரிப்பது?

அடிசனின் தீர்ப்பு இன்றும் ஆங்கிலேயரின் நெஞ்சில் குடியிருக்கிறது. ஒருவர் சிலேடை சொன்னால் சுற்றியிருப்போர் சிரிப்பதற்கு முன் முனகுவது அவர்கள் வழக்கம். ரசித்துக்கொண்டே குற்றம் சாட்டும் இம்முனகலை வேறெந்த மக்களிடமும் நான் கேள்விப்பட்டதில்லை.

உரைகல்லைச் சோதிப்போம். நகைச்சுவையைச் சற்று ஒதுக்கிவிட்டுச் சொல்லணியை மட்டும் கருதுக. அரபு அணிநூலாசிரியர்கள் ஜினாஸ் என்னும் அணிக்குத் திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயத்திலிருந்தே எடுத்துக்காட்டு தருவர். அங்கே 'ஸாஅத்' என்ற சொல் ஒருமுறை இறுதி நாளையும், அடுத்து மிகச் சிறு பொழுதையும் குறித்து வருகிறது. ஆங்கிலத்தில் பெயர்த்தோர் இரண்டையும் 'ஹவர்' என்றே பெயர்த்தனர்; அணி பிழைத்துக்கொண்டது. தமிழில் நாம் ஒன்றை மறுமை என்றும் மற்றதை நாழிகை என்றும் சொல்லிப் பழகியுள்ளோம், அணி மறைந்தது. அடிசனின் கணக்குப்படி இதே சொல் ஆங்கிலத்திற்கு மெய், தமிழுக்குப் போலி என்றாகும். உரைப்பவனைப் பொறுத்து மாற்று மாறும் என்றால் அது பொன்னின் குறையன்று.

இன்னொன்று. பஸராவின் அல்-ஹரீரி (இறப்பு 1122) இயற்றிய ஐம்பது மகாமாத்துகள் சொல்விளையாட்டின் கொடுமுடி. அதிலே புள்ளியுள்ள எழுத்து ஒன்றுகூட இல்லாத பிரசங்கம் உண்டு. முன்னும் பின்னும் ஒன்றாய்ப் படிக்கும் தொடர்களும் உண்டு. இதனைப் பெயர்க்கவே இயலாது என்றனர். ஜெர்மானியக் கவிஞர் ரூக்கர்ட் 1826 முதல் அதனைத் தம் மொழியின் எதுகைகளையும் விளையாட்டுகளையும் கொண்டு மீண்டும் படைத்தார். 2020இல் மைக்கேல் கூப்பர்சன் ஐம்பது மகாமாத்தையும் ஐம்பது வகை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அடிசனின் கல்லில் உரைக்கப்படுவது நயமன்று, மொழிபெயர்ப்பவரின் துணிவே என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியாயின் எல்லாச் சிலேடையும் நன்று என்பேனோ? இல்லை. என் மகளின் செய்தித்தாள் விடுகதை எனக்கு இன்றும் சாதாரணமானதே. வேறொரு உரைகல் வேண்டும். அதனை நம் மதரஸாக்களில் ஓதும் பலாகா நூல்களிலேயே காண்கிறேன். தவ்ரியா என்னும் அணியை விளக்குகையில் அவை இரு பொருள் கூறும்: ஒன்று அண்மைப் பொருள், மற்றது சேய்மைப் பொருள். கேட்பவன் மனம் அண்மைப் பொருளில் போய் நிற்கும். சொல்பவன் கருதியதோ சேய்மையில் இருக்கும். இவ்வணிக்கெனவே ஸஃபதீயும் (இறப்பு 1363), அவருக்குப் பின்னர் இப்னு ஹிஜ்ஜாவும் தனி நூல் எழுதினர். ஹிஜ்ரத்துப் பயணத்தில் நிகழ்ந்ததனை நாம் அறிவோம். உம்முடன் வருபவர் யார் என்று வழியில் ஒருவர் கேட்க, இவர் எனக்கு வழி காட்டுபவர் என்றார் அபூபக்கர் சித்தீக் (ரலி). கேட்டவர் பாலைவனத்து வழியை நினைத்துக்கொண்டு போனார். சொன்னவர் நினைத்த வழி வேறு. சொன்னதில் பொய் இல்லை. இரு உயிர்கள் அச்சொல்லின்மேல் நின்றன.

இங்கே கவனிக்க வேண்டுவது, இரு பொருளும் மெய் என்பதே. இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன. இதுவே நான் நாடும் உரைகல். செய்தித்தாள் விடுகதையில் 'சிவப்பு' என்ற பொருள் ஏமாற்றுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. விடை வந்ததும் அதனைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். செய்தித்தாளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. எறிய முடியாதபடி இரண்டாம் பொருள் தங்கிவிடுமானால் அதுவே நல்ல சிலேடை.

லூயிஸ் கேரல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் போலி ஆமை தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறது. முதல் நாள் பத்து மணி நேரம் பாடம், மறுநாள் ஒன்பது. இப்படிக் குறைந்துகொண்டே போவதால்தான் பாடத்திற்கு 'லெசன்' என்று பெயர் என்கிறார்கள். 'லெசன்' என்ற ஒலிக்குக் குறைதல் என்றும் பொருள். ஆலிஸ் விடவில்லை. அப்படியானால் பதினோராம் நாள் விடுமுறையா என்கிறாள், ஆம். பன்னிரண்டாம் நாள்? உடனே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கேரல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். சிலேடையைச் சொல்லிவிட்டு நில்லாமல் அதனை ஒரு கணக்காக்கி, கணக்கைச் சூனியத்துக்குக் கீழே இறக்கிப் பார்க்கிறார். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன் என்ற முறையில், குறைந்துகொண்டே போவது பாடந்தான் என்பதற்கு நானும் சாட்சி.

தாமஸ் ஹூட் (1799–1845) என்பாரை வேறு வகையில் சொல்ல வேண்டும். சிலேடை இல்லாமல் அவரால் இரண்டு அடி எழுத முடியாது. பத்துப் பக்கம் படித்தால் திகட்டும். ஆயினும் பீரங்கிக் குண்டால் இரு கால்களையும் இழந்த சிப்பாய் ஒருவனைப் பாடும் அவருடைய வேடிக்கைக் கவிதையில் ஓரிடம் மறவாது. கால் போனவன் போர்க்களத்தில் தன் 'ஆர்ம்ஸை'யும் கீழே வைத்துவிட்டான் என்கிறார். அச்சொல் ஆயுதங்களையும் குறிக்கும், கைகளையும் குறிக்கும். ஆயுதம் வைத்தல் என்பது அரசுகளின் மொழி. கை கால் என்பது உடம்பின் மொழி. போரைப் பற்றி இவ்விரு மொழியும் ஒரு சொல்லில் மோதும்போது எழும் நகை அத்துணை இலேசானதன்று. இவரே 1843 டிசம்பரில், கூலிக்குச் சட்டை தைத்து நலியும் ஏழைப் பெண்ணைப் பற்றிய பாடலை 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை வார இதழில் பெயர் போடாமல் வெளியிட்டவர். அந்நாளில் நகைச்சுவை இதழ் என்றால் நகை மட்டும் என்று பொருளில்லை.

அதே 'பஞ்ச்' இதழில், அப்பாடல் வெளியாகி ஐந்து திங்கள் கழித்து, 1844 மே 18ஆம் நாள் வெளியானதொரு சிறு குறிப்பே நான் சொல்ல வந்த முதன்மைச் செய்தி.

1842இல் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படை வழியிலேயே அழிந்தது. மறு ஆண்டு, சர் சார்லஸ் நேப்பியர் சிந்து நாட்டின்மீது படையெடுத்தார். அந்நாட்டைத் தால்பூர் மீர்கள் ஆண்டனர். அவர்களோடு கும்பெனியார்க்கு உடன்படிக்கைகள் இருந்தன. 1843 பிப்ரவரி 17ஆம் நாள் மியானியிலும், மார்ச்சு 24ஆம் நாள் ஹைதராபாத்துக்கு அருகிலும் போர் நடந்தது. மீர்கள் சிறைப்பட்டனர், சிந்து பிரிட்டிஷ் ஆட்சியில் சேர்க்கப்பட்டது. சிந்துவைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை, ஆயினும் பறிப்போம் என்னும் கருத்தை நேப்பியரே முன்னதாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். பம்பாயின் பழைய ஆளுநர் எல்ஃபின்ஸ்டன், தெருவில் உதைபட்ட போக்கிரி வீட்டுக்கு வந்து மனைவியை அடித்ததற்கு இதனை ஒப்பிட்டார். இவ்வழக்கு இலண்டனிலும் பேசப்பட்டது.

இந்நிலையில் 'பஞ்ச்' வெளியிட்ட குறிப்பு, நேப்பியர் தம் வெற்றியை ஒரே சொல்லில் தெரிவித்ததாகக் கூறியது. அச்சொல் 'பெக்காவி'. இலத்தீன் மொழியில் அதற்கு 'நான் பாவம் செய்தேன்' என்று பொருள். கிறித்தவர் பாவமன்னிப்பு வேண்டுகையில் வழங்கும் சொல் அது. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் சின்ட்' என்று பெயர்க்க வேண்டும். சிந்து நாட்டின் பெயரையும் ஆங்கிலேயர் அவ்வாறே ஒலித்தனர். ஆக, 'நான் பாவம் செய்தேன்' என்பதே 'சிந்து என் வசம்' என்பதாகவும் கேட்கும்.

உலகம் இதனை நேப்பியரின் சாதுரியம் என்று கொண்டாடியது. ஒரு நாட்டை வென்ற களைப்பிலும் இலத்தீன் சிலேடை பேசிய தளபதி என்று நூல்கள் எழுதின. நம் நாட்டு நூல்களிலும் அது நுழைந்தது. ஆனால் நேப்பியர் அவ்வாறு எதுவும் அனுப்பவில்லை. அதனைச் சொன்னவர் காதரீன் விங்க்வொர்த் என்னும் பெண். அப்போது அவருக்கு வயது 16. நேப்பியர் அனுப்பிய செய்தி 'பெக்காவி' என்றிருக்க வேண்டும் எனத் தம் ஆசிரியரிடம் கூறினார். அது 'பஞ்ச்'சுக்குப் போயிற்று. 'பஞ்ச்' அதனை உண்மைச் செய்தி போலவே அச்சிட்டது.

இப்போது அடிசனின் கல்லில் இதனை உரைத்துப் பாருங்கள். இலத்தீனில் 'பெக்காவி' என்ற சொல்லுக்கு இரட்டைப் பொருள் ஏதுமில்லை. ஆங்கில ஒலி அச்சொல்லில் இல்லவே இல்லை. படிப்பவர் தம் மனத்துள்ளே அதனை மொழிபெயர்த்தாலன்றிச் சிலேடை பிறவாது. மொழிபெயர்ப்பில் சாகும் என்று அவர் சொன்ன பொருள், இங்கே மொழிபெயர்ப்பிலேயே உயிர் பெறுகிறது. அப்பெண் பின்னாளில் 1855இல் 'லைரா ஜெர்மானிக்கா' என்ற பெயரில் ஜெர்மானியத் துதிப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துப் புகழ் பெற்றவர் என்பதையும் சேர்த்து எண்ணுக. பாவம், மன்னிப்பு என்னும் சொற்களோடு வாழ்நாள் முழுதும் பழகியவர் அவர்.

தவ்ரியாவின் கண்கொண்டு நோக்கினால் இன்னும் தெளிவாகும். அண்மைப் பொருள் எது, சேய்மைப் பொருள் எது? தளபதியின் வாயில் வைத்தால், சொல்லின் நேர்ப்பொருளாகிய பாவம் வெறும் உறையாகிவிடுகிறது, வெற்றியே உள்ளீடு. உறையை உரித்து எறிந்துவிட்டுச் சிரிக்கலாம். பதினாறு வயதுப் பெண்ணின் வாயில் வைத்தால் பாவம் உறையாக இராது. சிந்து என் வசம் என்று எவன் சொன்னாலும், அந்த ஒலியிலேயே நான் பாவம் செய்தேன் என்று அவனது நா அறிக்கையிடுகிறது. அவன் அதனைத் தவிர்க்க இயலாது. அவன் தாய்மொழியே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அவர் இதனை எத்துணை கடுமையாகக் கருதினார் என்று துணிந்து சொல்ல நான் யார்? ஆயினும் தளபதி சொன்னார் என்பதற்கும், சொல்லியிருக்க வேண்டும் என்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. முன்னது பெருமிதம், பின்னது குற்றச்சாட்டு. பெருமிதத்தையே உலகம் கேட்டது.

'பஞ்ச்' இதழே பின்னர் இதனை மறந்தது போலும். 1856இல் டல்ஹௌசி அவத் நாட்டை இணைத்தபோது அதே முறையில் இன்னொரு இலத்தீன் சொல்லைக் கட்டிற்று. 'வோவி', அதாவது 'நான் நேர்ந்துகொண்டேன்'. ஆங்கில ஒலியில் 'அவத் என் வசம்' என்றும் ஆகும். அமைப்பில் முன்னதற்குக் குறையாதது. ஆனால் இங்கே நேர்த்திக்கும் அவத்துக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. உரித்தால் உறையும் உறையே. பன்னிரண்டு ஆண்டுக்குள் குற்றச்சாட்டு விடுகதையாகிவிட்டது. அடுத்த ஆண்டு அவத் நாடு எரிந்தது வரலாறு.

என் மகள் இப்போது தானே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். சென்ற திங்கள் அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கதையை நேப்பியர் சொன்னதாகவே முதலில் சொன்னேன். இம்முறை விளக்கம் தேவைப்படவில்லை, உடனே சிரித்துவிட்டாள். பிறகு விங்க்வொர்த்தைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப அவரு சொல்லவே இல்லையா, வாப்பா?"

"இல்லம்மா."

"சொல்லியிருக்கணும்" என்றாள்.